கல்லாகிப் போன மரங்களைப் படித்தவர்
பேராசிரியர் பீர்பால் சாஹ்னியின் வாழ்க்கை

தொம்மலூர் சொக்கநாத சுவாமி கோயிலுக்குப் போகிறவர்கள் அங்குள்ள கல்வெட்டுகளைப் பார்த்திருப்பார்கள். தமிழ்க் கல்வெட்டுகளும் அங்கே இருக்கின்றன. 13-ம் நூற்றாண்டைச் சேர்ந்தவை அவற்றில் உண்டு. நம் தாய்மொழிதான், ஆனாலும் நம்மில் பலருக்கு அதைப் படிக்க வராது. எழுத்தின் வடிவம் அவ்வளவு பழையது. கல்வெட்டுப் படிக்கத் தெரிந்த ஒருவர் வந்து நின்று எழுத்துக் கூட்டிச் சொல்லும்போதுதான் அது யார் கொடுத்த தானம், எந்த நிலம், எந்தக் காலம் என்பது விளங்குகிறது.

மனிதன் உளியால் எழுதியதற்கே இப்படி ஆள் தேவைப்படுகிறது. இயற்கை கல்லில் எழுதி வைத்திருப்பதை யார் படிப்பது?

விடுமுறை நாளில் தொம்மலூரிலிருந்து பஸ் ஏறிக் குழந்தை குட்டிகளோடு லால்பாக் தோட்டத்துக்குப் போகிறோம். அங்கே ஒரு கல்மரம் வைக்கப்பட்டிருக்கிறது. தூரத்திலிருந்து பார்த்தால் வெட்டிப் போட்ட அடிமரம். தொட்டுப் பார்த்தால் கல். அதுவும் நம்மைப் போலவே தமிழ்நாட்டிலிருந்து பெங்களூருக்கு வந்து சேர்ந்ததுதான். விழுப்புரம் மாவட்டத்தில் உள்ள திருவக்கரை அதன் சொந்த ஊர். வயது சுமார் 2 கோடி ஆண்டு.

இது மரம்தான், இன்ன ஜாதி மரம், இன்ன காலத்தில் வாழ்ந்தது என்று கல்லைப் பார்த்துச் சொல்லும் வித்தையை நம் நாட்டில் வேரூன்றச் செய்தவர் பேராசிரியர் பீர்பால் சாஹ்னி. அவருடைய வாழ்க்கை, படித்தவர்கள் மட்டும் தெரிந்து கொள்ள வேண்டிய வாழ்க்கை அன்று. வழியில் கிடந்த ஒரு கல்லை அதிசயத்தோடு கையில் எடுத்துப் பார்த்த எல்லாருக்கும் அதில் பங்கு உண்டு.

புத்தக மூட்டையோடு நடந்த தந்தை

பீர்பால் சாஹ்னி 1891-ம் ஆண்டு நவம்பர் 14-ந் தேதி மேற்குப் பஞ்சாபில் உள்ள பேரா என்னும் ஊரில் பிறந்தார். அந்த ஊர் இப்போது பாகிஸ்தானில் இருக்கிறது. தந்தை ருச்சிராம் சாஹ்னி. தாய் ஈசுவர் தேவி.

தந்தையின் கதையே ஒரு பாடம். குடும்பம் நொடித்துப் போன நிலையில், படிப்புக்காகச் சொந்த ஊரை விட்டுப் புத்தக மூட்டையை முதுகில் சுமந்து கொண்டு நெடுந்தூரம் நடந்தே போனவர் அவர். பின்னாளில் லாகூர் அரசினர் கல்லூரியில் ரசாயனப் பேராசிரியரானார். தாம் கற்றதைக் கல்லூரிச் சுவருக்குள் பூட்டி வைக்கவில்லை. கடைக்காரர்களுக்கும் சாதாரண ஜனங்களுக்கும் விளங்கும்படி பஞ்சாபி மொழியிலேயே விஞ்ஞானப் பேச்சுகள் நடத்தினார்.

விடுமுறை வந்தால் பிள்ளைகளை அழைத்துக் கொண்டு இமயமலைப் பக்கம் கிளம்பி விடுவார். மலைப் பாதையில் பல நாள் நடை. போகிற வழியெல்லாம் செடி, கொடி, கல் என்று சேகரித்துக் கொண்டே போவது சிறுவன் பீர்பாலுக்கு வழக்கமாயிற்று.

கலெக்டர் உத்தியோகமா, செடி கொடியா?

லாகூரில் பள்ளிப் படிப்பும் கல்லூரிப் படிப்பும் முடிந்து 1911-ல் பி.எஸ்சி. பட்டம் பெற்றார் பீர்பால். மகன் இங்கிலாந்துக்குப் போய் ஐ.சி.எஸ். தேறி வர வேண்டும் என்பது தந்தையின் ஆசை. அந்தக் காலத்தில் அதைவிடப் பெரிய உத்தியோகம் இந்தியனுக்குக் கிடையாது. கலெக்டர் பதவி, பங்களா, சேவகர்கள் எல்லாம் தேடி வரும்.

மகன் பணிவோடு மறுத்தார். தாவரவியல்தான் தம் வழி என்றும், தந்தை கண்டிப்பாக உத்தரவிட்டால் மட்டும் போவதாகவும் சொன்னார். தந்தையும் கட்டாயப்படுத்தவில்லை. அன்று தந்தை பிடிவாதம் பிடித்திருந்தால் நாட்டுக்கு இன்னும் ஒரு கலெக்டர் கிடைத்திருப்பார், அவ்வளவுதான்.

கேம்பிரிட்ஜில் இம்மானுவேல் கல்லூரியில் சேர்ந்து 1914-ல் பட்டம் பெற்றார். அங்கே அவருக்குக் கிடைத்த ஆசான் பேராசிரியர் சீவர்டு. கல்லில் பதிந்த தாவரங்களை ஆராய்வதில் உலகப் புகழ் பெற்றவர். ஆசிரியரும் மாணவரும் சேர்ந்து இந்தியாவின் பழம்பெரும் தாவரப் படிவங்களை மறு ஆய்வு செய்தார்கள். அந்த நூல் 1920-ல் வெளிவந்தது. 1919-ல் லண்டன் பல்கலைக்கழகத்தின் டாக்டர் பட்டம் பெற்று சாஹ்னி தாயகம் திரும்பினார்.

காசியிலும் லாகூரிலும் சிறிது காலம் ஆசிரியராக இருந்தார். 1921-ல் லக்னோ பல்கலைக்கழகத்தில் தாவரவியல் துறையின் முதல் பேராசிரியரானார். கடைசி மூச்சு வரை லக்னோதான் அவர் ஊர். சீமையில் படித்து வந்தவராயினும் கதர் உடுத்தினார்.

திருவக்கரைக் கல்லின் கதை

திருவக்கரை என்றதும் நமக்கு வக்கிரகாளியம்மன் கோயில் நினைவுக்கு வரும். பௌர்ணமிக்குப் போய் வந்தவர்கள் இந்தப் பக்கமும் நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்த ஊரில் கிடக்கும் கல்மரங்களை, வதம் செய்யப்பட்ட அசுரனின் எலும்புகள் என்று சொல்வதுண்டு. பார்த்தால் அப்படி நினைக்கத் தோன்றும். சில துண்டுகள் அவ்வளவு வழவழப்பாகவும் வெளுப்பாகவும் இருக்கும்.

1781-ல் சொன்னேரா என்ற பிரெஞ்சுக்காரர் இவற்றைப் பற்றி எழுதினார். அடுத்து 1810-ல் ஜான் வாரன் என்ற ராணுவ அதிகாரியின் கட்டுரை வெளிவந்தது. இந்த வாரனை நாம் வேறு விதமாகவும் அறிவோம். 1802-ல் கோலார்ப் பக்கம் ஜனங்கள் மண்ணை அலசிப் பொன் எடுப்பதைக் கண்டு எழுதி வைத்தவர் அவரே. பின்னாளில் அங்கே தங்கவயல் எழுந்தது. 2001-ல் மூடப்படும் வரை அந்தச் சுரங்கங்களில் தலைமுறை தலைமுறையாக உழைத்தவர்களில் பெரும்பாலோர் நம் தமிழர்கள். பொன்னையும் கல்மரத்தையும் ஒரே மனிதர் பார்த்தார். பொன்னைத் தேடிப் பலர் ஓடி வந்தார்கள். கல்மரத்தைத் தேடி வர ஆள் இல்லை.

1855-ல் ஜெர்மன் விஞ்ஞானி ஷ்லைடன் இந்தப் பகுதிக் கல்மரம் ஒன்றை ஆராய்ந்து பெயரிட்டார். அதன் பிறகு முக்கால் நூற்றாண்டு கழித்து, 1931-ல் சாஹ்னி இந்தியக் கல்மரங்களை ஒவ்வொன்றாக எடுத்து மறு ஆய்வு செய்தபோது, அந்த மரத்தின் குலத்தைத் திருத்தி மெசம்பிரியாக்சைலான் என்ற பெயரில் சேர்த்தார். அது பூக்காத கூம்பு மர வகை. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த ஒரு மரம் இன்றும் மேற்குத் தொடர்ச்சி மலையில் உயிரோடு வளர்கிறது. நம் தென்னாட்டுக் காடுகளில் தானாக வளரும் கூம்பு மரம் அது ஒன்றுதான். அசுரனின் எலும்பு என்றிருந்த கல்லுக்கு, அகத்தியர் மலைப் பக்கம் பச்சைப் பசேலென்று ஓர் உறவுக்காரன் இருக்கிறான்!

பிற்கால ஆராய்ச்சியாளர்கள் திருவக்கரையில் மருது, புளி, ஆமணக்குக் குடும்பங்களைச் சேர்ந்த கல்மரங்களையும் கண்டறிந்தார்கள்.

கல்லைப் படிப்பது எப்படி?

மரம் எப்படிக் கல்லாகிறது? வெள்ளத்தில் அடித்து வரப்பட்ட மரம் மணலுக்கும் சேற்றுக்கும் அடியில் புதைகிறது. காற்றுப் படாததால் சீக்கிரம் உளுத்துப் போவதில்லை. மணலில் உள்ள சிலிக்கா என்ற பொருள் நீரில் கரைந்து மரத்தின் ஒவ்வொரு நுண்ணறையிலும் புகுந்து படிகிறது. காலம் செல்லச் செல்ல மரம் கல்லாகிறது. அறையின் அமைப்பு மட்டும் அச்சு மாறாமல் நிற்கிறது.

அந்த அமைப்புத்தான் விஞ்ஞானிக்கு எழுத்து. கல்மரத்தில் ஒரு சிறு துண்டை அறுத்து எடுத்துக் கண்ணாடிச் சில்லில் பிசினால் ஒட்டுவார்கள். பிறகு அதைத் தேய்ப்பார்கள். தாளை விட மெல்லியதாகி ஒளி ஊடுருவும் வரை தேய்க்க வேண்டும். கொஞ்சம் அதிகம் தேய்த்தால் எல்லாம் பொடியாகி விடும். பொறுமை உள்ளவனுக்கே கைகூடும் வேலை. நகை வேலை செய்கிறவர்களுக்கும் லேத்தில் நிற்கிறவர்களுக்கும் இதன் அருமை தெரியும்.

பிறகு பூதக் கண்ணாடிக் கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். பூக்கும் மரமானால் நீர் ஏறிய குழாய்கள் வட்டத் துளைகளாகத் தெரியும். கூம்பு மரத்தில் அத்தகைய குழாய்கள் இல்லை. சிறு அறைகள் வரிசை வரிசையாக இருக்கும். பனை, தென்னை வகையானால் நார்க்கட்டுகள் புள்ளிகளாகச் சிதறிக் கிடக்கும். தென்னையை வெட்டிய இடத்தைப் பார்த்தவர்களுக்கு இது புதிதன்று.

கல்லின் மேற்புறத்தை மட்டும் பார்த்து மரப்பட்டை என்று சொல்லி விடுவது ஆபத்து. திருவக்கரை மரங்கள் ஆற்று வெள்ளத்தில் உருண்டு வந்தவை. கிளையும் பட்டையும் வழியிலேயே போய் விட்டன. பட்டை போலத் தெரிவது பெரும்பாலும் வெயிலும் மழையும் அரித்த உள்மரம்தான். சில கற்களில் பெரணி இலை போலக் கறுப்புக் கோலம் படர்ந்திருக்கும். அது இலையே அன்று. கல் இடுக்கில் கசிந்த மாங்கனீசு என்ற தாதுப்பொருள் போட்ட கோலம். அனுபவம் இல்லாதவர்கள் அதில் ஏமாந்து போவது சகஜம்.

ராஜ்மகால் குன்றுகளில்

சாஹ்னியின் புகழுக்கு முக்கிய காரணம் இன்றைய ஜார்க்கண்ட் மாநிலத்தில் உள்ள ராஜ்மகால் குன்றுகள். ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முன் அங்கே எரிமலைக் குழம்பு பலமுறை பெருகி ஓடியது. ஒரு பெருக்குக்கும் அடுத்த பெருக்குக்கும் இடையே வளர்ந்த செடி கொடிகள் கல்லாகிக் கிடந்தன.

இந்த வேலையில் ஒரு பெரிய சங்கடம் உண்டு. ஒரு முழுச் செடி ஒரே இடத்தில் கிடைப்பதில்லை. ஒரு மூலையில் இலை கிடைக்கும். இன்னொரு மூலையில் தண்டு கிடைக்கும். பூ வேறொரு கல்லில் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் ஒவ்வொருவர் தனித்தனிப் பெயர் வைத்து விடுவார்கள். சாஹ்னி அந்தத் துண்டுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்த்தார். அப்படித் தண்டு, இலை, பூ மூன்றையும் ஒரே மரத்தினுடையவை என்று காட்டி 1932-ல் ஒரு முழு மரத்தின் உருவத்தை உலகத்துக்கு அளித்தார். அந்த மரத்துக்குத் தம் ஆசான் சீவர்டின் பெயரை வைத்து நன்றிக் கடனைத் தீர்த்துக் கொண்டார்.

அதே குன்றுகளில் நிபானியா என்ற சிற்றூரின் கற்களிலிருந்து, தண்டில் ஐந்து கட்டைப் பகுதிகள் கொண்ட ஒரு செடி வகையை விளக்கி 1948-ல் கட்டுரை வெளியிட்டார். பென்டாக்சைலான் என்ற அந்த வகை, அதுவரை தெரிந்திருந்த எந்தக் குடும்பத்திலும் அடங்காத புதுக் குடும்பம். உலகெங்கும் தாவரவியல் பாட நூல்களில் அது இடம் பெற்றது.

1929-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் தன் உயர்ந்த விஞ்ஞான டாக்டர் பட்டத்தை அவருக்கு வழங்கியது. 1936-ல் லண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராக ஏற்றது. சர் சி.வி. ராமன் 1934-ல் நம் பெங்களூரில் தொடங்கிய இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தொடக்க உறுப்பினர்களில் சாஹ்னியும் ஒருவர்.

1940 ஜனவரியில் சென்னையில் கூடிய இந்திய விஞ்ஞான காங்கிரசுக்குத் தலைமை வகித்தார். தக்காணத்தை மூடிக் கிடக்கும் எரிமலைப் பாறைகளின் வயதைப் பற்றி அங்கே உரை நிகழ்த்தினார். நாகபுரி, சிந்துவாரா பக்கத்துக் கற்களில் கிடைத்த பனை வகைகளையும் காய்களையும் சாட்சியாக வைத்து, அந்தப் பாறைகள் பலர் நினைத்ததை விடப் பிற்காலத்தவை என்று வாதாடினார். அவை சுமார் 6 கோடியே 60 லட்சம் ஆண்டுகளுக்கு முன், இரண்டு யுகங்களின் எல்லையில் தோன்றியவை என்பது இன்றைய கணக்கு. ஒரு காயும் ஒரு தண்டும் ஒரு மலையின் வயதைச் சொல்ல வரலாம் என்பதைச் சபையில் நிரூபித்தவர் சாஹ்னி.

தாமும் ஓர் அனுபவமற்ற ஆள்

அவருடைய வாழ்க்கையில் ஒரு சம்பவம் நமக்கு மிகவும் பயன்படக் கூடியது. 1936-ல் ரோத்தக் நகருக்கு அருகே கோக்ராகோட் என்ற மேட்டில் நடந்து கொண்டிருந்தார். காலடியில் சுட்ட மண் துண்டுகள் சில கிடந்தன. அது அவருடைய துறையன்று. நாணய சாஸ்திரமும் தொல்பொருளும் அவர் படித்த படிப்பில் இல்லை. அங்கே அவர் நம்மைப் போல ஒரு சாதாரண ஆள்தான்.

ஆனால் அவர் அழகான துண்டை மட்டும் பொறுக்கிச் சட்டைப் பையில் போட்டுக் கொண்டு போகவில்லை. இடத்தைக் குறித்துக் கொண்டார். உடைந்தது, சிதைந்தது என்று ஒதுக்காமல் எல்லாவற்றையும் சேர்த்தார். தெரிந்தவர்களைக் கேட்டார், ஆண்டுக்கணக்கில் படித்தார். அவை யௌதேயர் என்ற பழங்கால மக்கள் நாணயம் வார்த்த அச்சுகள் என்பது தெளிவாயிற்று. பழங்கால இந்தியாவில் நாணயம் வார்த்த முறையைப் பற்றி 1945-ல் அவர் எழுதிய நூலுக்கு நாணயவியல் சங்கம் பதக்கம் அளித்தது.

கண்டெடுப்பது அதிர்ஷ்டம். கண்டெடுத்த இடத்தைக் குறித்து வைப்பது கடமை. சாஹ்னி தம் கையால் செய்து காட்டிய பாடம் இது.

ஏழு நாள் வாழ்வு

கற்கள் எங்கெங்கோ கிடக்கின்றன; அவற்றைப் படிக்கும் ஆட்களோ சிதறிக் கிடக்கிறார்கள். எல்லாரும் கூடி வேலை செய்ய ஒரு நிலையம் வேண்டும் என்பது அவர் கனவு. 1920-ல் அவரை மணந்த சாவித்திரி அம்மையார் கணவரின் ஆராய்ச்சிப் பயணங்களில் உடன் சென்றவர். அவர்களுக்குக் குழந்தை இல்லை. தங்கள் சொத்து, நூல்கள், ஆயுள் முழுவதும் சேர்த்த கல் படிவங்கள் அனைத்தையும் இருவரும் எழுதி வைத்தார்கள். 1946 செப்டம்பரில் நிலையம் பிறந்தது. 1948-ல் அரசாங்கம் லக்னோவில் ஒரு பங்களாவையும் நிலத்தையும் அளித்தது.

1949 ஏப்ரல் 3-ந் தேதி பிரதமர் நேரு புதுக் கட்டிடத்துக்கு அடிக்கல் நாட்டினார். நேருவுக்கும் சாஹ்னிக்கும் பிறந்த நாள் ஒன்றே: நவம்பர் 14. அந்த அடிக்கல்லைச் சாஹ்னியே தயாரித்திருந்தார். உலகத்தின் பல பாகங்களிலிருந்து வந்த தாவரப் படிவங்களை அதில் பதித்து வைத்திருந்தார்.

விழா முடிந்து ஒரு வாரம் ஆயிற்று. ஏப்ரல் 10-ந் தேதி மாரடைப்பால் சாஹ்னி காலமானார். வயது 57. நிலையத்தைப் பேணி வளர்க்கும்படி மனைவியிடம் ஒப்படைத்துவிட்டுக் கண் மூடினார். அடுத்த ஆண்டு ஸ்டாக்ஹோமில் கூடவிருந்த சர்வதேசத் தாவரவியல் மாநாடு அவரைக் கௌரவத் தலைவராகத் தேர்ந்தெடுத்திருந்தது. அதற்குப் போக அவருக்குக் கொடுத்து வைக்கவில்லை. அவருடைய சமாதி நிலையத்தின் வளாகத்திலேயே இருக்கிறது.

அஸ்திவாரத்தோடு நின்று போக வேண்டிய கட்டிடம். ஆனால் சாவித்திரி அம்மையார் அழுது கொண்டு உட்கார்ந்து விடவில்லை. பொறுப்பைத் தாமே ஏற்று நடத்தினார். 1953 ஜனவரியில் கட்டிடத்தைத் திறந்து வைக்க நேருவே மீண்டும் வந்தார். ஏறத்தாழ இருபது ஆண்டுகள் நிலையத்தைக் கட்டிக் காத்த அம்மையார் 1985-ல் மறைந்தார். பீர்பால் சாஹ்னி பெயரைத் தாங்கிய அந்த நிலையம் இன்றும் லக்னோவில் நடந்து வருகிறது.

நம் கையில் ஒரு கல் கிடைத்தால்

தொம்மலூரில் கிணறு வெட்டும்போதோ அஸ்திவாரம் தோண்டும்போதோ வரி வரியாக ஒரு கல் கிடைத்தால் அது மரப்பட்டை என்று மயங்க வேண்டாம். பெங்களூரின் அடிப்பாறை சுமார் 300 கோடி ஆண்டுப் பழமையானது. லால்பாக் குன்றும் அந்தப் பாறைதான். பூமியில் மரம் என்று ஒன்று தோன்றி 40 கோடி ஆண்டு கூட ஆகவில்லை. மரம் பிறப்பதற்கு முன்பே இறுகிப் போன பாறையில் மரத்தைத் தேட முடியாது.

ஆனால் பொங்கலுக்கோ திருவிழாவுக்கோ ஊருக்குப் போகிறோம். விழுப்புரம், கடலூர், அரியலூர், பெரம்பலூர்ப் பக்கத்துக்காரர்கள் நம்மில் ஏராளம். பெரம்பலூரை அடுத்த சாத்தனூரில் 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. சாஹ்னி சென்னைக்கு வந்த அதே 1940-ல் அதை உலகுக்கு அறிவித்தவர், நம் தமிழ்நாட்டைச் சேர்ந்த புவியியல் அறிஞர் எம்.எஸ். கிருஷ்ணன். அந்தச் சீமையில் ஓடை ஓரத்திலோ கொல்லை மேட்டிலோ கட்டை போன்ற ஒரு கல் கண்ணில் படலாம்.

அதை உடைக்காதீர்கள். வேலி போட்டுக் காக்கிற இடமானால் தொடவே தொடாதீர்கள். வெளியிடமானால் கிடந்தபடியே படம் எடுத்துக் கொள்ளுங்கள். அளவு தெரியப் பக்கத்தில் ஒரு பேனாவையோ நாணயத்தையோ வையுங்கள். ஊர், ஓடை, எந்தத் திசை, எத்தனை தூரம், எந்தத் தேதி என்று எழுதி வையுங்கள். இந்தியப் புவியியல் ஆய்வுத் துறைக்கோ, அருகில் உள்ள கல்லூரியின் புவியியல் அல்லது தாவரவியல் ஆசிரியருக்கோ தெரிவியுங்கள்.

அலமாரியில் அழகுக்கு வைத்த கல், எடுத்த இடம் மறந்து போனால் ஊமையாகி விடும். பிறகு எந்தப் பேராசிரியர் வந்தாலும் அதைப் பேச வைக்க முடியாது. ஊரும் பேரும் எழுதி வைத்த கல்லோ, நூறு ஆண்டு கழித்து வருகிறவனிடமும் தன் கதையைச் சொல்லும். திருவக்கரைக் கல் அப்படித்தான் சாஹ்னியிடம் சொன்னது.

அடுத்த முறை லால்பாக் போகும்போது அந்தக் கல்மரத்தின் பக்கம் பிள்ளைகளை அழைத்துப் போங்கள். நம் ஊர்க்காரன் என்று அறிமுகம் செய்து வையுங்கள். கூடவே, கலெக்டர் உத்தியோகம் வேண்டாம் என்று சொல்லிக் கல்லைப் படிக்கப் போன ஒரு லாகூர்ப் பையனின் கதையையும் சொல்லுங்கள்.